ஆடிக் காற்றில் டிரெய்லர் வால் ஆட்டியது: பிக்கப் போதவில்லையா, பாரம் தப்பா?

#1 தாராபுரம் தென்னை

எல்லோருக்கும் வணக்கம். தோட்ட வேலைக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து, ஐந்து பேர் உட்காரும் டீசல் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். தை மாதம் ஒரு பட்டறையில் சொல்லி, 16 அடி நீளத்தில் கேம்பர் டிரெய்லர் கட்டினேன். ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம். உள்ளே இரண்டு கட்டில், சின்னச் சமையல் மேடை. பின்கட்டிலுக்கு அடியில் 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, வெளியே பின்கம்பியில் ஜெனரேட்டர். மொத்தம் 1,100 கிலோ வரும் என்று பட்டறையில் சொன்னார்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், நாலு நாள் அங்கேயே தங்கிக் குதிரைகளையும் மாடுகளையும் காட்ட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

போன ஞாயிறு சோதனைக்காகக் குடும்பத்தோடு காங்கயம் வரை கிளம்பினேன். ஊதியூர் தாண்டி 75 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே ஒரு பேருந்து கடந்தது. அவ்வளவுதான். டிரெய்லரின் பின்பக்கம் இடதும் வலதுமாக வீச ஆரம்பித்தது. முதல் வீச்சு சின்னது, அடுத்தது அதைவிடப் பெரியது, மூன்றாவதில் பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. பிரேக்கை மிதித்தேன், இன்னும் மோசமானது. எப்படியோ புளிய மரத்துக்கு ஒரு முழம் முன்னால் மண்ணில் இறங்கி நின்றேன். சின்னவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் இந்த மாதிரி பிக்கப்புகளுக்கு 3,500 கிலோ இழுக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். என்னுடையது 1,100 கிலோதான். பிறகு ஏன் இப்படி? இன்னும் பெரிய வண்டி வாங்க வேண்டுமா?

#2 அன்னூர் டிராக்டர்

காற்றுதான் காரணம். வேறொன்றும் இல்லை. ஆடி கழிந்ததும் ஓட்டிப் பாருங்கள்.

#3 வெள்ளகோவில் வண்டிக்காரர் மகன்

தம்பி, பிள்ளைகளுக்கு அடி எதுவும் படவில்லையே? அது போதும், மற்றதைச் சரிசெய்துகொள்ளலாம்.

என் அப்பா காங்கயம் மாடு பூட்டி 30 வருடம் பார வண்டி ஓட்டியவர். மூட்டை ஏற்றும்போது அவர் வாயில் வரும் வார்த்தை இரண்டுதான்: முன்பாரம், பின்பாரம். பின்னால் கூடிவிட்டால் ஏர்க்கால் மேலே எழும்பும், நுகம் மாட்டின் கழுத்தை விட்டுத் தூக்கும், மாடு எவ்வளவு பலமாக இருந்தாலும் இழுப்பதற்குப் பிடி கிடைக்காது. முன்னால் கூடிவிட்டால் மாட்டின் கழுத்து நசுங்கும். மூட்டை ஏற்றி முடித்ததும் அப்பா நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மூட்டையை ஒரு முழம் முன்னால தள்ளு" என்பார். அதற்குப் பிறகுதான் மாடு பூட்டுவார்.

உங்கள் பதிவைப் படித்ததும் எனக்குக் கண்ணில் பட்டது பின்கட்டிலுக்கு அடியில் தண்ணீர், பின்கம்பியில் ஜெனரேட்டர் என்ற இரண்டும்தான். இது பின்பார வண்டி. காற்றும் பேருந்தும் சும்மா தட்டிவிட்டிருக்கின்றன.

#4 பெருந்துறை–டெக்சாஸ்

வண்டிக்காரர் மகன் அண்ணா சொன்னதுதான் முழு விஷயமும். நான் 11 வருடம் டெக்சாஸில் இருந்துவிட்டு இப்போது பெருந்துறையில் இருக்கிறேன். அங்கே முன்பாரத்தை டங் வெயிட் என்பார்கள். பிக்கப்பின் பின்னால் இருக்கும் இரும்புப் பந்தின் மேல் கொக்கி மாட்டும் இந்த வகை டிரெய்லருக்கு, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின் மேல் உட்கார வேண்டும் என்பது அங்கே எல்லோரும் பிடித்துக்கொள்ளும் கணக்கு. அதற்குக் கீழே போனால் டிரெய்லர் வால் ஆட்டும்.

இழுவைத் திறன் என்ற எண்ணைப் பார்த்து நானும் ஏமாந்திருக்கிறேன். என் பிக்கப் 4,990 கிலோ இழுக்கும் என்று விற்றவர் சொன்னார். நான் வாங்கிய டிரெய்லரின் வெற்று எடை 2,631 கிலோ. பாதிக்குக் கொஞ்சம் மேல்தான், பயமில்லை என்று நினைத்தேன். சாமான், தண்ணீர், கேஸ் எல்லாம் ஏற்றி நெடுஞ்சாலை ஓர எடைமேடையில் நிறுத்தினால் 3,202 கிலோ. 571 கிலோ எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. பாத்திரம், போர்வை, பேட்டரி, நாற்காலி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்ததுதான்.

சரி, அப்போதும் இழுவை எண்ணில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் அங்கே ஓட்டுநர் கதவின் ஓரத்தில் மஞ்சள் நிற ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இந்த எடையைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். என் வண்டிக்கு 671 கிலோ. முன்பாரம் 416 கிலோ, நாங்கள் நாலு பேர் 236, கொக்கிச் சாமான் 41, பின்தொட்டியில் போட்ட விறகும் பெட்டியும் 68. கூட்டினால் 761. இழுப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திறன் மிச்சமிருக்கும்போதே, சுமப்பதில் 90 கிலோ தாண்டிவிட்டேன். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. முன்பாரம் முழுக்கப் பிக்கப் சுமக்கிற எடை. குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது இந்தச் சுமை வரம்புதான்.

அந்த 3,500 பற்றி: ஆஸ்திரேலியாவில் அது பிரேக் உள்ள டிரெய்லருக்கான எண். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அங்கே 750 கிலோதான். அதோடு அங்கே விற்கிற வண்டியும் இங்கே விற்கிற வண்டியும் பெயரில் ஒன்றாக இருந்தாலும் ஸ்பிரிங் பட்டையிலும் எடை வரம்பிலும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் ஆர்.சி.யில் வெற்று எடை எவ்வளவு, பாரத்தோடு எவ்வளவு என்று இரண்டு எண் இருக்கும். அதைச் சொல்லுங்கள். டிரெய்லருக்குப் பிரேக் இருக்கிறதா?

#5 தாராபுரம் தென்னை

எல்லோருக்கும் நன்றி. ஆர்.சி.யில் வெற்று எடை 1,930, பாரத்தோடு 2,510. டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது. பிக்கப் பிரேக்கே போதும் என்று பட்டறையில் சொன்னார்கள்.

#6 சங்ககிரி ஸ்டியரிங்

போதாது கண்ணு. லாரி ஓட்டி ஓய்ந்தவன் சொல்கிறேன், போதவே போதாது. மிச்சத்தை எடை போட்ட பிறகு பேசுவோம். முதலில் எடைமேடைக்குப் போங்கள்.

#7 அன்னூர் டிராக்டர்

நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கம் டிராக்டரில் எத்தனையோ டன் கரும்பு ஏற்றி ஆலைக்குப் போகிறோம். டிரெய்லரில் பிரேக் இல்லை, முன்பாரம் பின்பாரம் யாரும் அளப்பதும் இல்லை. காலம் காலமாக ஓடுகிறது. ஒரு கேம்பருக்கு இத்தனை கணக்கா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

#8 கோபி அக்கா

அன்னூர் தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. அதனால் பதிலும் முழுசாகச் சொல்கிறேன். நான் மெக்கானிக்கல் பாடம் எடுத்தவள்.

கரும்பு டிராக்டர் 20 கி.மீ. வேகத்தில் போகிறது. தென்னை தம்பி 75-ல் போனார், 80 என்றே வைத்துக்கொள்வோம். வேகம் நாலு மடங்கு. ஓடுகிற எடைக்குள் இருக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது 16 மடங்கு. அதே எடையை நிறுத்த 16 மடங்கு வேலை. வால் ஆட்டமும் அப்படித்தான். ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒரு வேகம் உண்டு. அதற்குக் கீழே, தட்டிவிட்டாலும் ஆட்டம் தானாக அடங்கும். அதற்கு மேலே போனால் ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகும். தம்பி எழுதியது அச்சு அசலாக அதுதான்: சின்னது, பெரியது, அதைவிடப் பெரியது. பின்பாரம் கூடக்கூட அந்த வேகம் கீழே இறங்கிக்கொண்டே வரும். டிராக்டர் அந்த எல்லையைத் தொடுவதே இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பின்பாரம் முன்பாரத்தை எப்படித் தின்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சக்கர அச்சுதான் துலாக்கோலின் நடு. அச்சிலிருந்து கொக்கி சுமார் 4 மீட்டர் முன்னால் இருக்கும் என்று நினைக்கிறேன். 200 கிலோ தண்ணீர் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருந்தால், 200-ஐ ஒன்றரையால் பெருக்கி 4-ஆல் வகுக்க வேண்டும். 75 கிலோ. அந்தத் தொட்டி ஒன்றே பந்தின் மேலிருந்து 75 கிலோவைத் தூக்கிவிடுகிறது. ஜெனரேட்டர் 60 கிலோ, 2.2 மீட்டர் பின்னால் என்றால் அது இன்னொரு 33 கிலோ. தம்பி டேப் வைத்து அளந்து சொன்னால் சரியாகப் போட்டுத் தருகிறேன்.

ஒன்று மறக்க வேண்டாம். வால் நுனியில் இருக்கும் பாரத்தை ஈடுகட்ட முன் நுனியில் இன்னொரு பாரத்தை ஏற்றினால் முன்பாரம் கணக்கில் சரியாக வந்துவிடும், ஆனால் ஆட்டம் குறையாது. இரண்டு நுனியிலும் பாரம் இருந்தால், ஒருமுறை ஆட ஆரம்பித்ததை நிறுத்துவது கடினம். கனமானவை எல்லாம் அச்சுக்குப் பக்கத்தில், கொஞ்சம் முன்னால், தரையோடு தரையாக இருக்கட்டும்.

#9 அன்னூர் டிராக்டர்

இப்போது புரிகிறது அக்கா. 16 மடங்கு என்பது எனக்குத் தெரியாது. காற்று என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

#10 கோபி அக்கா

காற்றும் உண்டு தம்பி, அதை விட்டுவிடக் கூடாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று அதற்குள் நுழைந்து வேகம் பிடித்துத்தான் பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கம் வீசுகிறது. அத்தனை காற்றாலை அங்கே நிற்பதற்கும் அதுவே காரணம். தாராபுரம்–காங்கயம் சாலை தெற்கு வடக்காகப் போகிறது. காற்று நேர் பக்கவாட்டில் அடிக்கும். 16 அடி நீளம், ஆள் உயரத்துக்கு மேல் தகரச் சுவர். அது ஒரு பாய்மரம்தான். காற்றுக் காலத்தில் விடியற்காலையில் கிளம்பி, காற்று ஏறும் முன் போய்ச் சேருவது நல்லது.

#11 பெருந்துறை–டெக்சாஸ்

எடைமேடையில் எப்படி நிறுத்துவது என்று கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மூன்று எடை வேண்டும். முதலில் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு, ஆட்கள், டீசல், சாமான் எல்லாம் வைத்துப் பிக்கப்பை மட்டும் போடுங்கள். அப்புறம் டிரெய்லரை மாட்டி, பிக்கப்பின் நாலு சக்கரம் மட்டும் மேடையில் இருக்க, டிரெய்லர் சக்கரம் மேடைக்கு வெளியே இருக்கும்படி நிறுத்துங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் முன்பாரம். கடைசியாக இரண்டையும் முழுசாக ஏற்றுங்கள். அதிலிருந்து முதல் எடையைக் கழித்தால் டிரெய்லரின் உண்மை எடை. ஆட்கள் மூன்று முறையும் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். பாதியில் யாராவது டீ குடிக்க இறங்கினால் கணக்கு கெட்டுப்போகும்.

#12 வெள்ளகோவில் வண்டிக்காரர் மகன்

எடைமேடை 10 கிலோ படியில் காட்டும். முன்பாரம் போன்ற சின்ன எடைக்கு அது முரடு. பக்கத்தில் பருப்பு மண்டி இருந்தால், தேங்காய்ப் பருப்பு மூட்டை வைக்கும் பிளாட்பார்ம் தராசைக் கேட்டு வாங்கி, டிரெய்லர் மூக்கை ஒரு மரக்கட்டை கொடுத்து அதன் மேல் உட்கார வையுங்கள். கட்டையின் உயரம், பந்தில் மாட்டினால் எந்த உயரமோ அதே உயரம் இருக்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டுச் செய்யுங்கள். காங்கயத்தில் பருப்புக் களத்துக்கும் தராசுக்கும் பஞ்சமே இல்லை.

#13 தாராபுரம் தென்னை

இன்று காலை ஆறு மணிக்கே, காற்று எழும் முன், 40-ல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் எடை போட்டோம். நாங்கள் ஐந்து பேரும் உள்ளே. சீட்டைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை.

பிக்கப் மட்டும் 2,340. மாட்டிய பிறகு பிக்கப் சக்கரங்கள் மட்டும் 2,390. எல்லாம் சேர்த்து 3,890.

அப்படியென்றால் டிரெய்லர் 1,550 கிலோ. பட்டறையில் சொன்னது 1,100. முன்பாரம் வெறும் 50 கிலோ, 3 சதவீதம். மண்டித் தராசிலும் வைத்துப் பார்த்தேன், 48.

கோபி அக்கா, டேப் வைத்து அளந்தேன். கொக்கியிலிருந்து அச்சு 4 மீட்டர், தொட்டியின் நடு அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால், ஜெனரேட்டர் 2.2. நீங்கள் பார்க்காமலே சொன்னது சரியாக வந்தது. ஜெனரேட்டர் எடையும் 60 கிலோதான்.

#14 சங்ககிரி ஸ்டியரிங்

டயர் ஓரத்தில் அளவுக்குப் பின்னால் ஒரு எண்ணும் ஒரு எழுத்தும் இருக்கும். அந்த எண் என்ன கண்ணு? அப்படியே கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், அதையும் சொல்லு.

#15 தாராபுரம் தென்னை

91 என்று இருக்கிறதுங்க. நாலு இலக்கம் 2316.

#16 சங்ககிரி ஸ்டியரிங்

91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். இரண்டுக்கும் 1,230. உன் டிரெய்லர் 1,550, பந்தின் மேல் 50 போக 1,500 கிலோ அந்த இரண்டு டயரில் நின்றிருக்கிறது. 270 கிலோ அதிகம். 2316 என்றால் 2016-ம் வருடம் 23-ம் வாரம் செய்த டயர். காரில் கழற்றியதை மாட்டியிருக்கிறார்கள். தரையைப் பிடிக்கும் பட்டன் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ரப்பர் செத்துப்போயிருக்கும். ஆடியது போதாதென்று வெடிக்கவும் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. புது டயர் போடும்போது 100 என்று எண் போட்டதாகப் பார்த்து வாங்கு. ஒன்றுக்கு 800 கிலோ. ரிம்மும் அந்தப் பாரத்துக்கு ஏற்றதா என்று கேட்டுக்கொள்.

இப்போது பிரேக். 1,550 கிலோ பிரேக் இல்லாமல் பின்னால் வருகிறது என்றால், நீ மிதிக்கும்போதெல்லாம் அது உன்னைத் தள்ளுகிறது. நேர் ரோட்டில் தெரியாது. இறக்கத்தில் வளைவில் மிதித்தால் பின்னால் இருப்பது முன்னால் வரப் பார்க்கும், வண்டி கத்தரிக்கோல் மாதிரி மடங்கும். திம்பத்தில் 27 கொண்டை ஊசி, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. இந்த மூன்றிலும் எந்த வளைவில் பிரேக் லைனர் கருகும் வாடை வரும் என்று எனக்குத் தெரியும். அந்த வாடை வந்தபின் பிரேக்கை நம்பக் கூடாது. எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது லாரியில் முதல் பாடம். வேகத்தை இஞ்சின் பிடிக்க வேண்டும், பிரேக் எப்போதாவது தொடுவதற்கு. நியூட்ரலில் இறக்குகிறவன் பக்கத்தில் நான் உட்காரவே மாட்டேன்.

பிரேக் போடாமல் மலைப்பக்கம் திரும்பவே திரும்பாதே.

#17 பெருந்துறை–டெக்சாஸ்

ஆமாங்க, அண்ணன் சொன்னதில் ஒரு சொல்லும் அதிகமில்லை. பிரேக்கில் இரண்டு வகை சொல்கிறேன். ஒன்று தள்ளு பிரேக். பிக்கப் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளுகிற அந்தத் தள்ளலே கொக்கிக்குள் இருக்கும் தண்டை அழுத்தி டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்கும். ஐரோப்பாவில் பெரும்பாலும் அதுதான். இன்னொன்று எலெக்ட்ரிக் பிரேக். ஓட்டுநர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், பிரேக் மிதிக்கும்போது அது டிரெய்லர் டிரம்முக்குள் இருக்கும் காந்தத்துக்குக் கரண்ட் அனுப்பும். எனக்கு இரண்டாவது பிடிக்கும், ஒரு காரணத்துக்காக. அந்தப் பெட்டியில் கையால் தள்ளும் ஒரு நெம்பு உண்டு. வால் ஆடும்போது பிக்கப் பிரேக்கைத் தொடாமல் அதை மட்டும் தள்ளினால், டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கப்பட்டு நேராகிவிடும். கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்த மாதிரி.

அது இல்லாதவர்கள் ஆட்டம் வந்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்துக்கு எதிர்த்திசையில் வெட்டக் கூடாது, பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது. தென்னை தம்பி பிரேக் மிதித்ததும் மோசமானது என்றார் இல்லையா? முன்னால் இருப்பது நிற்கப் பார்க்கிறது, பின்னால் இருப்பது தள்ளுகிறது. அதனால்தான்.

சுமைக் கணக்கையும் பார்ப்போம். உங்கள் வரம்பு 2,510, குடும்பத்தோடு 2,340. மிச்சம் 170 கிலோதான். 1,550 கிலோ டிரெய்லருக்கு 12 சதவீதம் முன்பாரம் வைத்தால் 186. வரம்பைத் தாண்டிவிடும். பாரத்தை முன்னால் நகர்த்துவதால் மட்டும் தீராது, குறைக்கவும் வேண்டும். தண்ணீரை அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளலாம், ஜெனரேட்டர் வீட்டில் இருக்கட்டும்.

பாரத்தைப் பகிரும் கம்பி வைத்த கொக்கி போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். நல்ல சாமான்தான். பந்தில் 160 கிலோ உட்கார்ந்தால், அது பின் அச்சுக்குப் பின்னால் தொங்குவதால் பின்பட்டை தாழும், முன் சக்கரத்திலிருந்து 60 கிலோவுக்கு மேல் தூக்கிவிடும், ஸ்டியரிங் இலேசாகும். அந்தக் கம்பிகள் கொஞ்சம் பாரத்தைத் திரும்ப முன் அச்சுக்குக் கொண்டுபோகும். ஆனால் ஆர்.சி.யில் இருக்கும் 2,510-ஐ அது 2,600 ஆக்காது.

#18 வெள்ளகோவில் வண்டிக்காரர் மகன்

பந்து என்ன அளவு என்று பார்த்தீர்களா தம்பி? 50 மில்லிமீட்டர் பந்தும் உண்டு, இரண்டு அங்குலப் பந்தும் உண்டு. இரண்டு அங்குலம் என்றால் 50.8. கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். இரண்டு அங்குலக் கொக்கியை 50 பந்தில் மாட்டினால் லொடலொடவென்று ஆடும், பள்ளத்தில் குதித்தால் எகிறிவிடும். கொக்கியிலும் பந்திலும் அளவு பொறித்திருக்கும், இரண்டும் ஒன்றா என்று படித்துப் பாருங்கள். பந்து பூட்டியிருக்கும் தாங்கி சேஸிஸில் போல்ட் போட்டிருக்க வேண்டும், பம்பரில் வெல்டு வைத்திருந்தால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள். கொக்கிக்கு அடியில் இரண்டு சங்கிலியைக் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி விட்டுப்போனாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி தொட்டில் மாதிரி தாங்கும்.

மாட்டிய பிறகு நாலு அடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் அதுவும் பின்பாரம்தான்.

#19 கோபி அக்கா

இன்னொரு விஷயம். டிரெய்லர் சட்டப்படி தனி வாகனம், அதற்கும் பதிவு வேண்டும். கட்டிய பிறகு அலைவதைவிட, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டுப் பட்டறைக்குப் போவது நல்லது. பிள்ளைகள் ஓடும் டிரெய்லருக்குள் கட்டிலில் படுத்துக்கொண்டு வர ஆசைப்படுவார்கள். ஒருநாளும் விடாதீர்கள் தம்பி.

#20 தாராபுரம் தென்னை

விடவே மாட்டேன் அக்கா. ஊதியூரில் அவர்கள் பிக்கப்புக்குள் இருந்தார்கள் என்பதை நினைத்தே இன்னும் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதிவு எண் வாங்கியிருக்கிறேன், அதில் குறை இல்லை.

தொட்டியைக் காலி செய்தேன். ஜெனரேட்டரை இறக்கிவிட்டேன். பிக்கப் பின்தொட்டியில் இருந்த 60 கிலோ சாமான் பெட்டியை டிரெய்லருக்குள் அச்சின் மேல், கொஞ்சம் முன்னால் வைத்துக் கட்டினேன். மறுபடி எடை: பிக்கப் 2,280, மாட்டிய பிறகு 2,440, மொத்தம் 3,630. டிரெய்லர் 1,350, முன்பாரம் 160. 12 சதவீதத்துக்கு ஒரு முடி குறைவு. பிக்கப்பில் இன்னும் 70 கிலோ மிச்சம். காலையில் காற்று இல்லாத நேரத்தில் 60 வரை ஓட்டிப் பார்த்தேன். அதே சாலை, அதே பேருந்து. கடக்கும்போது ஒரு சின்ன உலுக்கல், அத்தோடு நின்றுவிட்டது. வேறு வண்டி மாதிரி இருக்கிறது.

ஆனால் சங்ககிரி அண்ணா சொன்ன பிறகு பிரேக் இல்லாமல் குடும்பத்தோடு கிளம்ப மனசு வரவில்லை. அந்தியூருக்கு டிரெய்லரை விட்டுவிட்டுப் பிக்கப்பில் மட்டும் போகிறோம். ராத்திரி பவானியில் மச்சான் வீட்டில் தங்கல். பிள்ளைகளுக்கு வருத்தம்தான், குதிரையைப் பார்த்தால் மறந்துவிடுவார்கள்.

#21 சங்ககிரி ஸ்டியரிங்

நல்ல முடிவு கண்ணு. சந்தை அடுத்த ஆடியிலும் வரும்.

#22 தாராபுரம் தென்னை

புரட்டாசியில் திரும்ப வருகிறேன். பிரேக் டிரம்மோடு வேறு அச்சு போட்டு, எலெக்ட்ரிக் பிரேக் மாட்டி, 100 எண் டயர் போட்டாயிற்று. கொக்கி கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கும் ஒயரும் சின்ன பேட்டரியும் உண்டு. அதில் 40 கிலோ கூடியது. மூன்றாம் முறை எடை: டிரெய்லர் 1,390, முன்பாரம் 170, பிக்கப் 2,450. எடைமேடைக்காரர் இப்போது என்னைப் பார்த்தாலே மூன்று சீட்டை எடுத்து வைக்கிறார்.

டெக்சாஸ் அண்ணா சொன்ன நெம்பைக் காலி ரோட்டில் 30 கி.மீ. வேகத்தில் தள்ளிப் பார்த்தேன். பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று மூன்று நாலு தடவை திருகி, சக்கரம் வழுக்காமல் பிடிக்கும் இடத்தில் வைத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை காங்கயம், பெருந்துறை, கோபி வழியாகக் கொடிவேரி போனோம். சாலை முழுக்க 65-ஐத் தாண்டவில்லை. அணைக்குப் பக்கத்தில் சித்தப்பா தோப்பில் நிறுத்தி, அங்கேயே கிணற்றுத் தண்ணீர் பிடித்து, இரண்டு ராத்திரி தங்கினோம். சின்னவள் முதல் அரை மணி நேரம் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். பெருந்துறை தாண்டியதும் தூங்கிவிட்டாள்.

#23 சங்ககிரி ஸ்டியரிங்

வழியில் நிறுத்தும்போதெல்லாம் சக்கர நடுவில் கை வைத்துப் பார்த்தாயா? புது அச்சு என்றால் முதல் 100 கி.மீ.யில் பார்க்க வேண்டும். நட்டும் ஒருமுறை இறுக்க வேண்டும்.

#24 தாராபுரம் தென்னை

நட்டு இறுக்கினேன் அண்ணா, இரண்டு நட்டு அரைச் சுற்று ஏறியது. கை வைத்தும் பார்த்தேன். இடது சக்கரம் இளஞ்சூடுதான். வலது கொஞ்சம் கூடுதல், கை வைக்க முடிந்தது, ஆனால் இடதைவிட நன்றாகவே தெரிந்தது.

#25 சங்ககிரி ஸ்டியரிங்

அப்போது வலதை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்று. பிரேக் ஷூ உரசும் சத்தம் வந்தால் கொஞ்சம் லூஸ் பண்ணு. சத்தம் இல்லாமல் இறுக்கமாகச் சுற்றினால் பேரிங் இறுக்கம் அதிகம், கழற்றி கிரீஸ் வைத்து மறுபடி போடு. கழற்றும்போது கிரீஸ் கசியாமல் தடுக்கும் பழைய சீல் வளையத்தையே போடாதே, புதிது போடு. பார்த்துவிட்டு எழுது.